கசாந்திரா ஆச்சி செய்தது சரிதான்

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தன் அக்கா கசாந்திராவுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "பாவி, எரித்துவிட்டாளே!" போன மாதம் வரைக்கும் நானும் பாடியவள்தான்.

1817இல் ஜேன் 41 வயதில் போய்ச் சேர்ந்தார். தங்கையைத் தன் வாழ்வின் சூரியன் என்று எழுதிய அதே கசாந்திரா, 1845இல் இறப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் பெரும்பாலான கடிதங்களைத் தீயில் போட்டார். சிலவற்றில் வரிகளை மட்டும் கத்தரித்து எடுத்தார். ஜேன் எழுதியதில் இன்று மிஞ்சியவை 160 சொச்சம். பாதிக்கு மேல் கசாந்திராவுக்கு.

மிஞ்சியதில் துணி விலை, தொப்பி, நடனத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பதுதான் நிறைய. "இதில் நாவலாசிரியை எங்கே?" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு இங்கிலாந்தில் தபால் கூலியைக் கடிதம் வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். தாள் கூடினால் கூலியும் கூடும். இண்டு இடுக்கு விடாமல் எழுதிய தாளிலும் துணி விலைக்கு இடம் இருந்தது என்றால், அவர்களுக்கு அது சில்லறை விஷயம் இல்லை. 1813இல் தன் நாவல் 'ப்ரைட் அண்ட் பிரெஜுடிஸ்' அச்சாகி வந்ததும், லண்டனிலிருந்து தன் செல்லப் பிள்ளை வந்துவிட்டது என்று குதித்ததும் இந்த ஆச்சியிடம்தான். (எங்கள் காரைக்குடிப் பக்கம் அக்காவை ஆச்சி என்போம். வெளியூர்க்காரர்கள் பாட்டி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

அப்புறம் அந்த நாக்கு! குறைப்பிரசவத்தில் குழந்தையை இழந்த பெண்ணைப் பற்றி, புருஷன் முகத்தைத் திடீரென்று பார்த்துப் பயந்திருப்பாள் என்று ஒரு கேலி. கொடூரம்தான். ஆனால் ஆச்சி காதில் போட்டது அது, ஊருக்குச் சொன்னதில்லை. 1884இல் ஜேனின் அண்ணன் மகளின் மகன் இந்தக் கடிதங்களை அச்சுப் போட்டுவிட்டார்.

போன மாதம் காரைக்குடியில் எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டை ஒழித்துச் சுத்தம் செய்தோம். தகரப் பெட்டிக்குள் நூல் கட்டிய நீல ஏர்மெயில் கட்டு. ஆயா, பினாங்கில் இருந்த தன் ஆச்சிக்கு எழுதியவை. ஊர் திரும்பும்போது அந்த ஆச்சி, எங்கள் பெரியாயா, பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். பவுன் விலை, காயாத வடகம், வராத கொத்தனார். ஒட்டுகிற மடிப்பில்கூட எழுத்து. மாதம் ஒன்று தவறவில்லை. ஒரே ஒரு வருஷம் மட்டும் மொத்தமாகக் காணோம். ஆயாவுக்கு ஆண் பிள்ளை இல்லாமல் மாமாவைப் பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்தெடுத்த, வருஷம் அது.

பெரியாயா எந்த அடுப்பில் போட்டாரோ, நல்ல வேலை செய்தார்.

மாமாவின் எழுபதாம் வயதுச் சாந்திக்கு இதைப் புத்தகமாகப் போட்டு எல்லோருக்கும் கொடுக்கலாம் என்கிறான் தம்பி முறை ஒருவன். காணாத வருஷத்தைப் பினாங்கில் விசாரிக்கலாமாம். வேண்டாம், போனைக் கீழே வை என்றேன். கோபித்துக்கொண்டான். கசாந்திரா மொத்தத்தையும் எரித்திருந்தால் எனக்கு இந்தப் பதிவே கிடையாது, தெரியும். எதை விட்டுவைப்பது என்பதைக் கடிதத்தை வாங்கியவரே முடிவுசெய்தார் பாருங்கள், அந்த இடத்தில் நமக்கு வேலை இல்லை என்கிறேன்.

மாமா கட்டைப் பிரித்து ஒன்றே ஒன்றைப் படித்தார். கிணற்றடி முருங்கை காற்றில் ஒடிந்த கதை.

"அதுல ஏறி அடி வாங்கிருக்கேன்" என்றார். மறுபடி நூலைச் சுற்றிக் கொடுத்துவிட்டார்.