சர்காவியும் சதாம் அரசும்: ஒரு திருத்தம்

பின்னாளில் ஈராக்கில் அல்-காய்தா கிளையை நடத்திய அபூ முஸாப் அல்-சர்காவியை வளர்த்துவிட்டவர் ஈராக் அதிபர் சதாம் உசேன் என்றும், 2003 ஈராக் போருக்கு முன்பே சதாம் அரசையும் அல்-காய்தாவையும் இணைத்தவர் சர்காவியே என்றும் நண்பர் ஒருவர் எழுதியதைப் பலரும் பகிர்ந்துள்ளனர். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஆற்றிய உரையால் பரவிய கருத்து இது என்பதால், நண்பர் அதை நம்பியதில் வியப்பில்லை.

ஆனால் அது சரியன்று. ஜோர்தானின் சர்கா நகரில் பிறந்த சர்காவி 2002இல் பாக்தாதில் தங்கியிருந்தது உண்மையே. எனினும் சதாம் அரசு அவருடன் உறவு வைத்திருக்கவோ அடைக்கலம் தரவோ இல்லை, மாறாக அவரைத் தேடிப் பிடிக்க முயன்று தோற்றது என்பதே அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு 2006 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையின் முடிவு. போரைத் தொடங்கிய நாட்டின் மேலவையே இப்படிக் கூறியிருப்பதை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. அல்-காய்தா தலைவர் பின்லேடனுக்குச் சர்காவி விசுவாச உறுதிமொழி அளித்ததும் சதாம் வீழ்ந்து ஓராண்டுக்கு மேலான பிறகு, 2004 அக்டோபரில்தான். அவரது எழுச்சிக்குக் களம் அமைத்தது படையெடுப்புக்குப் பிந்தைய குழப்பமே. 2006 ஜூன் 7 அன்று பாகூபா அருகே அமெரிக்க வான்தாக்குதலில் அவர் கொல்லப்பட்டார்.

பவலின் உரையும் செனட் அறிக்கையும் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. அறிக்கையில் சர்காவியைப் பற்றிய முடிவுரையைத் தேடிப் படித்து, உரையின் அப்பகுதியுடன் ஒப்பிட்டால் எவரும் இதைச் சரிபார்க்கலாம்.