யாரும் சாகாத ஒரு காதல் கதை

எழுபதுகளில் அமெரிக்க எழுத்தாளர் ஜூடி புளூமின் மகள் ராண்டி அம்மாவிடம் ஒரு கதை கேட்டாள். அவள் படித்த பதின்வயது நாவல்களில் ஒரு பெண் காதலனோடு நெருங்கிவிட்டால் போதும், கர்ப்பம், அவமானம், கோரமான சாவு என்று ஏதோ ஒரு தண்டனை அவளைத் தேடி வந்துவிடும். இரண்டு நல்ல பிள்ளைகள் காதலிக்கட்டும், நெருக்கமாக இருக்கட்டும், அதற்காக யாரும் சாக வேண்டாம் என்றாள். 1975இல் வந்த 'ஃபாரெவர்' (என்றென்றும்) நாவல் அப்படிப் பிறந்ததுதான்.

நாற்பது வயதுக்கு மேல், போன வாரம்தான் இதை முழுதாகப் படித்தேன். ஐம்பது வருடமாக இந்தப் புத்தகத்தைப் பற்றிய சண்டை எல்லாம் அந்தரங்கக் காட்சிகளைச் சுற்றியே நடக்கிறது. எனக்கு மனதில் நின்றது ஒரு தபால். பள்ளி இறுதியாண்டு படிக்கும் கேத்தரினுக்கு அவள் பாட்டி கருத்தடை பற்றிய கையேடுகளை அனுப்பி வைக்கிறார். பேத்திக்கு முதலில் கோபம் வருகிறது. பாட்டி தானாகவே ஏன் எதையோ ஊகித்துக்கொள்கிறார்? அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கிறாள். நியூயார்க்கில் ஒரு கிளினிக்கில் தானே நேரம் வாங்கிக்கொண்டு போகிறாள். அங்கே அவளை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. திருமணமாகாதவர்களுக்கும் கருத்தடைச் சாதனம் பெறும் உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதே 1972இல்தான். மூன்றே வருடத்தில் புளூம் ஒரு பெண் கிளினிக்குக்குப் போய்வருவதைப் பல் டாக்டரிடம் போவது போல எழுதியிருக்கிறாரே, அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு இந்த நாவல் பிடித்துப்போனது.

இன்னொன்று, அந்தக் காதல் முடிகிற விதம். காதலன் மைக்கேல் கேத்தரினின் பிறந்தநாளுக்கு 'என்றென்றும்' என்று பொறித்த சங்கிலி போடுகிறான். கோடை விடுமுறையில் பெற்றோர் அவளை ஒரு முகாமுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்க அனுப்புகிறார்கள். அங்கே அவள் மனம் வேறொருவன் பக்கம் சாய்கிறது. மைக்கேல் துரோகம் செய்யவில்லை, அவளும் கெட்டவள் இல்லை. அவனிடம் உண்மையைச் சொல்லும்போது இருவருக்குமே வலிக்கிறது. ஆனால் அவனோடு இருந்த நாட்களுக்காக அவள் வருத்தப்படுவதில்லை. முதல் காதல் கைகூட வேண்டும், இல்லையென்றால் ஆயுசுக்கும் அழ வேண்டும் என்ற கதைகளிலேயே வளர்ந்த எனக்கு இது புதிதாக இருந்தது. பதினேழு வயதில் கையில் கிடைத்திருக்கலாமே என்று ஏங்கினேன்.

குறை இல்லாமல் இல்லை. ஆர்ட்டி என்றொரு பையன் தற்கொலைக்கு முயல்கிறான். அவனுடைய துயரத்தை நாவல் தொட்டுவிட்டு அவசரமாக நகர்ந்துவிடுகிறது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் அரசுப் பள்ளிகள் அனைத்திலிருந்தும் 13 புத்தகங்களை நீக்கியது. அதில் இதுவும் ஒன்று. ஒரு சில பள்ளி மாவட்டங்கள் (உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்கள்) வேண்டாம் என்று முடிவெடுத்தாலே மாநிலம் முழுக்கத் தடை என்பது அங்கே சட்டம். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. பின்னால் வந்த பதிப்புகளில் புளூம் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறார். இதை எழுதியபோது பொறுப்பு என்றால் வேண்டாத கர்ப்பத்தைத் தவிர்ப்பதுதான், இன்று எய்ட்ஸ் போன்ற நோய்களையும் தடுக்க வேண்டும், கருத்தடை மாத்திரை மட்டும் போதாது, ஆணுறையும் வேண்டும் என்று இளம் வாசகர்களுக்கு நேராகவே சொல்கிறார். கேத்தரினுக்குப் பாட்டி அனுப்பிய தபால் மாதிரிதான் அதுவும். யூட்டாவின் பள்ளி நூலகங்களில் இப்போது அந்தக் குறிப்பும் இல்லை.