முத்துவுக்கும் ஒரு சீட் பெல்ட்

போன ஞாயிற்றுக்கிழமை கப்பலூர் டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்து காரின் ஜன்னல் வழியாக ஒரு லேப்ரடார் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பின்சீட்டில் இருந்த பிள்ளைகள் அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், முன்னால் இருந்த அப்பா திரும்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், சுற்றி நின்ற வண்டிக்காரர்களும் ரசித்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. கண்ணாடியை இறக்கி "சார், நாயை உள்ளே இழுத்துக் கட்டிடுங்க" என்று சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அன்று அவரிடம் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, நாய் வளர்ப்பவர்கள் பொறுமையாக முழுவதும் படியுங்கள்.

எங்கள் வீட்டில் முத்து இருக்கிறான். ராஜபாளையம் நாய், சுத்த வெள்ளை, ரோஸ் நிற மூக்கு, 26 கிலோ. 2005-ல் இந்த இனத்துக்குத் தபால் தலையே வெளியிட்டார்கள், அவ்வளவு அழகு. ஆனால் இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் நிறைய, அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே வருகிற குறை அது. முத்துவுக்கும் இரண்டு காதும் கேட்காது. வீட்டில் எல்லாம் கைச்சாடையில்தான் நடக்கும், அதில் எங்களுக்கும் அவனுக்கும் எந்தச் சிரமமும் கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காதுகுத்து முடிந்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் ஓட்டினார், நான் முன்னால், மகளும் முத்துவும் பின்னால். முத்துவைத் தவிர எல்லோரும் பெல்ட் போட்டிருந்தோம். டி.கல்லுப்பட்டி தாண்டி ஓர் இடத்தில் ஆட்டு மந்தை ஒன்று திடீரென்று ரோட்டில் இறங்கியது. வேகம் 50, 60-க்குள்தான் இருக்கும். அவர் ஓங்கி பிரேக் அடித்தார், வண்டி நின்றுவிட்டது. எதிலும் மோதவில்லை, ஓர் ஆட்டுக்குட்டிக்குக்கூடக் கீறல் இல்லை. பின்சீட்டில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்த முத்து மட்டும் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே பறந்து வந்து, கியர் கம்பியில் அடிபட்டு என் காலடியில் விழுந்தான். முன்னங்கால் உடைந்துவிட்டது. ஒல்லியான கால் அது, இந்த வேட்டை இனங்களுக்கு எல்லாமே அப்படித்தான்.

ஆனால் நான் இன்றைக்கும் நினைத்து நடுங்குவது அதற்கு அடுத்த நிமிடத்தை. அவன் கத்திய கத்தலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை, இறங்கி அவனைத் தூக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான், மூன்று காலில் துள்ளி வெளியே பாய்ந்து நேராக எதிர்ப்பக்க ரோட்டுக்கு ஓடினான். லாரி வருகிறது, ஹார்ன் அடிக்கிறார், யாருக்குக் கேட்கும்? நான் பெயர் சொல்லிக் கத்துகிறேன், அது யாருக்குக் கேட்கும்? டீக்கடையில் நின்றிருந்த ஓர் அண்ணன் ஓடி வந்து தோளில் இருந்த துண்டை அவன் மேல் போட்டு அமுக்கிப் பிடித்தார். அவர் இல்லையென்றால் முத்து இல்லை. காது நன்றாகக் கேட்கிற நாயாக இருந்தாலும் அந்தப் பயத்தில் நம் குரலுக்கு நிற்காது, இதை நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். விபத்தில் தப்பிப் பிழைத்த நாய் அடுத்த நிமிடம் ரோட்டில் ஓடி அடிபடுகிறது. அல்லது அடிபட்டுக் கிடக்கிற நம்மை நெருங்க விடாமல், உதவிக்கு வருகிறவர்களைக் கடிக்கப் பாய்கிறது. நாயைக் கட்ட வேண்டும் என்று நான் சொல்வதில் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி வெறும் கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் இருக்கிற எல்லாமே அதே வேகத்தில் முன்னால் போகும். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது என்ன வேகம் இருக்குமோ அதே வேகம். "நான் மடியில் வச்சுப் பிடிச்சுக்குவேன்" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மூன்றாவது மாடியிலிருந்து விழுகிற 26 கிலோ நாயைக் கீழே நின்று கையை நீட்டிப் பிடிப்பீர்களா? ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது நிற்க வேண்டும் என்றால் 360 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பை எந்த அம்மாவின் கையும் தாங்காது. அது போய் விழுவதும் முன்னால் இருக்கிறவரின் பிடரியில்.

நம் ஆட்கள் பின்சீட்டில் பெல்ட் போடுவதே இப்போதுதான். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில், பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்த பிறகுதான் எங்கள் வீட்டிலேயே பின்சீட் பெல்ட்டுகளைச் சீட்டுக்கு அடியிலிருந்து தேடி எடுத்தோம். மனிதர்கள் பெல்ட் போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் சாலை விதிப் புத்தகத்தின் 57-வது விதியே நாய்க்காக எழுதப்பட்டது: ஓட்டுபவரின் கவனத்தைக் கலைக்காதபடியும், சடன் பிரேக் போட்டால் யாருக்கும் அடிபடாதபடியும் நாயைக் கட்டியோ கூண்டிலோ வைக்க வேண்டும். ஜெர்மனியில் வண்டிக்குள் இருக்கிற விலங்கைச் சரக்குக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள், சரக்கு நகராமல் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. நாயைச் சரக்கு என்பதைக் கேட்க மனம் ஒப்பவில்லை, ஆனால் அந்தச் சரக்கு முழுசாக வீடு வந்து சேர்கிறது.

முதல் முறை முத்துவைப் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டியபோது அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயில்லா ஜீவன், வீட்லதான் சங்கிலின்னா வண்டிக்குள்ளயும் கட்டணுமா, பாவம்டி" என்றார். அத்தை முத்து மேல் உயிரையே வைத்திருப்பவர், அதனால் அவர் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நம் ஊரில் நாயைக் கட்டுவது என்றாலே அரை அடிச் சங்கிலியில் வெயிலில் நாள் முழுக்க நிறுத்துவதைத்தான் பார்த்திருக்கிறோம், அதனால் கட்டு என்கிற சொல்லே கொடுமையாகக் கேட்கிறது. "அத்தை, பேத்திக்கும் நான்தானே பெல்ட் போட்டுவிடுறேன், அவ பாவமில்லையா" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. இப்போது "முத்துவுக்கு மாட்டியாச்சா" என்று முதலில் கேட்பவர் அவர்தான்.

சரி, எப்படிக் கட்டுவது என்பதற்கு வருகிறேன், இங்கேதான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். கழுத்துப் பட்டையில் மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள். பிரேக் அடித்தால் அத்தனை இழுப்பும் கழுத்தில் வரும், தூக்கில் போட்ட மாதிரி. மார்பையும் தோளையும் அகலமாகச் சுற்றி வருகிற ஹார்னஸ் வேண்டும், இழுப்பு மார்பெலும்பில் பரவ வேண்டும். அந்த ஹார்னஸின் முதுகு வளையத்துக்குள் காரின் சீட் பெல்ட்டையே நுழைத்துப் பூட்டலாம், அல்லது சீட் பெல்ட்டைப் பூட்டுகிற பக்கிளில் சொருகுகிற குட்டைப் பட்டை கிடைக்கிறது, அதை மாட்டலாம். பட்டை நீளமாக இருக்கக் கூடாது. உட்காரவும் படுக்கவும் முடிய வேண்டும், சீட்டை விட்டுக் கீழே விழவோ முன்சீட்டை எட்டவோ முடியக் கூடாது. முத்து ஒரு தடவை பக்கிளின் சிவப்புப் பொத்தானை மிதித்து அவனே கழற்றிக்கொண்டான், அதிலிருந்து நான் பெல்ட்டை நுழைத்துப் பூட்டுவதுதான்.

விலை குறைவு என்று ஆன்லைனில் நான் முதலில் வாங்கிய பட்டையின் கொக்கி, தெருவில் முத்து இழுத்த இழுப்புக்கே வளைந்துவிட்டது. வண்டி மோதினால் அது என்ன ஆகியிருக்கும்? 2013-ல் அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு, சுபாரு கார் நிறுவனத்தோடு சேர்ந்து நாய் பொம்மைகளை வைத்து மோதல் சோதனை நடத்தியது. கடையில் விற்ற ஹார்னஸ்களில் சில அறுந்து பொம்மையே பறந்துவிட்டது, முதலிடத்தில் தேறி வந்தது ஸ்லீப்பிபாட் கிளிக்இட் என்ற ஒன்றுதான். அந்த ஊர் விலைக்கு நம்மால் எல்லோரும் வாங்க முடியாது, எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் பிளாஸ்டிக் கிளிப்பை நம்பாதீர்கள், தையலை இழுத்துப் பாருங்கள், கொக்கி இரும்பா தகரமா என்று பாருங்கள், மோதல் சோதனை செய்தது என்று எழுதியிருந்தால் எங்கே, யார் செய்தது என்று கேளுங்கள். சுமாரான ஹார்னஸ் பெரிய மோதலில் கைவிடலாம். எங்களுக்கு நடந்த மாதிரி வெறும் சடன் பிரேக்கில் நாய் பறக்காமலும், கதவைத் திறந்ததும் ரோட்டில் பாயாமலும் நிறுத்திவிடும்.

சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாய்களுக்குத் தலையை விடக் கழுத்து அகலம், மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம். பயந்து பின்வாங்கினால் கழுத்துப் பட்டை மட்டுமல்ல, லூசான ஹார்னஸும் தலை வழியாகக் கழன்று வந்துவிடும். விலாவுக்குப் பின்னால், இடுப்பு ஒடுங்குகிற இடத்தில் இன்னொரு பட்டை வருகிற மாதிரி ஹார்னஸ் இருக்கிறது, அதைத் தேடி வாங்குங்கள்.

பொமரேனியன், பக் மாதிரிச் சின்ன நாய் என்றால் கெட்டியான கூடைக்குள் விட்டு, முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கிற இடத்தில் இடுக்கி வைப்பது நல்லது. பெரிய கூண்டு என்றால் கூண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் கூண்டோடு பறக்கும். முன்சீட்டில் எந்த நாயும் வேண்டாம், ஏர்பேக் வெடித்து விரிகிற வேகம் அதன் முகத்துக்கு அடி. ஜன்னல் நான்கு விரல் அளவு திறந்தால் போதும், காற்றும் வாசனையும் வரும், கண்ணில் தூசி அடிக்காது. ஜன்னல் பொத்தானை லாக் செய்துவிடுங்கள், காலால் மிதித்துத் தலையை நசுக்கிக்கொள்ளும். அப்புறம், கட்டிவிட்டோமே என்று பூட்டிய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வெளியே 35 டிகிரி என்றால் அரை மணி நேரத்தில் உள்ளே 50-ஐ எட்டிவிடும்.

ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நாயை நிறுத்திக் கூட்டிப் போகிறவர்கள் என் மேல் வருத்தப்படுவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன், அதற்கு ஒரு பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. கட்டினால் வண்டியோடு சேர்ந்து விழும், கட்டாவிட்டால் தெருநாயைப் பார்த்ததும் குதிக்கும். ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஆட்டோ பிடியுங்கள், நாயைச் சீட்டில் ஏற்றாமல் கீழே உங்கள் இரண்டு காலுக்கும் நடுவே உட்கார வைத்து, ஹார்னஸையே பிடித்துக்கொள்ளுங்கள். திறந்த பிக்கப் வண்டியில் கழுத்தில் கயிறு போட்டு ஏற்றுவது எல்லாவற்றிலும் மோசம். ஓரத்தைத் தாண்டிக் குதித்து, ஓடுகிற வண்டியில் தொங்குகிற நாயை ஒரு தடவை பார்த்தவர்கள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள்.

பழக்குவதற்கு எங்களுக்குப் பத்து நாள் ஆனது. முதலில் வீட்டுக்குள்ளேயே ஹார்னஸ் மாட்டி ஒரு துண்டு வேகவைத்த ஈரல், பிறகு நின்ற வண்டியில் மாட்டி இன்னொரு துண்டு, பிறகு தெருமுனை வரைக்கும். இப்போது ஹார்னஸைக் கையில் எடுத்தாலே ஓடி வந்து நிற்கிறான், உடைந்து சேர்ந்த அந்த இடது காலைத்தான் முதலில் தூக்கிக் கொடுப்பான். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேருகிற வரைக்கும் மகளின் தொடையில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டு வருகிறான்.

ஹார்னஸ் அளவு எடுக்கத் தெரியவில்லை என்றால் உள்பெட்டியில் கேளுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவு, கழுத்தடியின் சுற்றளவு, எடை, இந்த மூன்றும் இருந்தால் போதும், எந்த அளவு வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.