உன்னதப்பாட்டில் முகம்மது நபியின் பெயரா?

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் பைபிளின் பழைய ஏற்பாட்டு நூலான உன்னதப்பாட்டைப் பற்றிச் சுற்றும் தகவல் இது: “உன்னதப்பாட்டு 5:16-இல் எபிரேய மூலத்தில் முகம்மது என்றே இருக்கிறது. தமிழில் ‘முற்றிலும் அழகுள்ளவர்’ என்று மறைத்துவிட்டார்கள்.” தவறு.

அங்குள்ள சொல் ‘மஹமத்தீம்’. முதல் நான்கு மெய்யெழுத்துகள் ஒத்துப்போவது உண்மைதான். பொருளோ ‘விரும்பத்தக்கவை’. கடைசி ‘ஈம்’ பன்மை விகுதி. இத்தகவலைப் பரப்புவோர் அதை மரியாதைப் பன்மை என்பார்கள். அப்படியானால் அதே வசனத்தில் அதே விகுதியோடு வரும் ‘மம்தக்கீம்’ (இனிமை) யாருடைய பெயராம்? எசேக்கியேல் 24:16-இல் இதே சொல் ஒருமையில் வருகிறது: “உன் கண்களுக்கு விருப்பமானவளை”. அது தீர்க்கதரிசி எசேக்கியேலின் மனைவி. அங்கே பெயரைப் பொருத்திப் பாருங்கள், நிற்காது.

மோசேயைப் போன்ற ஒரு தீர்க்கதரிசி இஸ்ரவேலரின் சகோதரரிலிருந்து எழும்புவார் என்கிறது உபாகமம் 18:18; அந்தச் ‘சகோதரர்’ இஸ்மவேல் வழியினர் என்ற இஸ்லாமிய வாசிப்பு வேறு விஷயம். கிறிஸ்தவர்கள் அதை ஏற்பதில்லை, ஆனால் அதற்கு எந்தச் சொல்லையும் வெட்ட வேண்டியதில்லை.