குளிரைக் குறை சொல்லாதீர்கள்

டிசம்பர் பிறந்தால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் ஒரே புலம்பல்: குளிரில் தூக்கமே பிடிக்கவில்லை. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கியாக வேண்டும். குளிர்ந்த அறை அதற்கு உதவத்தான் செய்யும். கெடுப்பது சில்லிட்ட பாதமும் பொழுது சாய்ந்தபின் குடிக்கிற டீயும்.

பாதம் சில்லிட்டால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும், உள்சூடு வெளியேற வழியிருக்காது. கம்பளிக்குள் புரண்டுகொண்டே கிடப்பது இதனால்தான். படுக்க ஒரு மணி நேரம் முன்பு, கணுக்கால் மூழ்கும் அளவு வெந்நீரில் 10, 15 நிமிடம் காலை வையுங்கள். 40 டிகிரி சூடு போதும். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வீட்டில் வேறு யாராவது பார்த்துச் சொல்லட்டும். பிறகு விரலிடுக்குவரை ஈரம் துடைத்து, தளர்வான சாக்ஸ் போடுங்கள். இறுக்கமான சாக்ஸ் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, செய்ததையெல்லாம் வீணாக்கிவிடும். கனத்த ரஜாய் ஒன்றைவிட மெல்லிய கம்பளி இரண்டு மேல். நடுராத்திரி வியர்த்தால் ஒன்றைத் தள்ளிவிடலாம்.

தேயிலை விளைகிற ஊரில் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது: சாயங்கால டீயை விடுங்கள். டீயில் தூக்கத்தை விரட்டுவது கஃபீன். குடித்த கஃபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 6 மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு டஸ்ட் டீ குடித்தால் 11 மணிக்கும் பாதி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 3 மணிக்கு மேல் சுக்கு வெந்நீர் போதும்.

குளிருக்கு என்று பிராந்தி குடிப்பவர்களுக்கு: கண் சீக்கிரம் சொக்கும், ஆனால் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகும், குறட்டையும் கூடும். தோல் சூடாவதுபோல் தோன்றினாலும் உடம்பு உண்மையில் சூட்டை இழக்கிறது.

கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார்.

இரவில் தானாக இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் தூக்கம் கெட்டால் சரியாக இறங்காது. இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசி கூடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் விடிகாலையில் வண்டி இறக்குபவருக்குக் கண் ஒரு நொடி சொருகினால் போதும். டிரைவர்களுக்கு இரவு 7 மணி நேரத் தூக்கத்தை முதலாளிகள் கட்டாயமாக உறுதிசெய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்தும் பலமான குறட்டை, நடுவில் மூச்சுத் திணறல், பகலில் அசதி இருந்தால் மலைக்காற்று என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.