சட்டத்தை மதிக்க ஐரோப்பாவிடம் கத்துக்கணுமாம்!

ஏற்காடு ஒண்டிக்கடை கூட்டத்தில் நடந்ததை வீடியோவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "உங்களுக்கெல்லாம் சட்டத்தை மதிக்கத் தெரியாது, ஐரோப்பாவைப் பாருங்க" என்றார் அந்தப் பெரிய மனிதர். கைதட்டல் வேறு.

சரி, பார்ப்போம். அரசின் வரவு செலவுப் பற்றாக்குறை நாட்டின் உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றதே ஜெர்மனிதான். அப்புறம் அதுவும் பிரான்சும் சேர்ந்தே தாண்டின. 2003இல் ஐரோப்பிய நிதியமைச்சர்கள் கூடி, அந்த இரண்டு நாடுகள் மேலான நடவடிக்கையைக் கிடப்பில் போட்டார்கள். ஹங்கேரி அதற்கும் மேலே. புகலிடச் சட்டத்தில் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பையே கண்டுகொள்ளவில்லை. 2024 ஜூனில் 20 கோடி யூரோ அபராதம், அதோடு தினமும் 10 லட்சம். கட்டவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து அதற்கு வரவேண்டிய நிதியில் பிடித்துக்கொண்டார்கள்.

தெரியாமலா மீறுகிறார்கள்? ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் சேர்ந்து உட்கார்ந்து சட்டம் போடுகிறவர்கள் ஓட்டுக் கேட்பது அவரவர் ஊரில். ஊரில் ஓட்டுக் குறையும் என்றால் எந்தச் சட்டத்தையும் நடைமுறைப்படுத்தமாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

"பெல்ஜியத்தில் சில ஐரோப்பியச் சட்டங்களை அமலாக்கவே பல சட்டமன்றங்கள் சம்மதிக்கணுமே?" என்பீர்கள். ஆமாம், தாமதமாகும். ஹங்கேரி செய்தது தாமதமா?

இப்போது காபி பயிரிடும் எங்கள் கதை. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்துக் காபி ஐரோப்பாவுக்குள் போகக் கூடாதாம். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஜிபிஎஸ் புள்ளி கேட்டார்கள். சில்வர் ஓக் நிழலில் புள்ளி நிற்கவே இல்லை. சித்தப்பா மிளகுக்கொடிக்கு நடுவே போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டா இன்னும் தாத்தா பேரில். "ஓனரைக் கூப்பிடுங்க" என்றான் புள்ளி எடுக்க வந்த பையன். "மேட்டுல புதைச்சிருக்கோம் தம்பி, அங்கயும் ஒரு புள்ளி வச்சுக்க" என்றார் சித்தப்பா.

இவ்வளவும் செய்து கொடுத்தோம். அவர்களோ அந்தச் சட்டம் அமலாகும் தேதியை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். தள்ளிப்போடச் சொன்னவர்களில் ஆஸ்திரியா முன்னால் நின்றது. ஓட்டுங்க, ஓட்டு! அங்கே மரம் வளர்க்கிறவர்களும் விவசாயிகளும் முணுமுணுத்தால் அமைச்சருக்குக் காது கேட்கும். இங்கே ஏற்காட்டு நாகலூரில் முணுமுணுத்தால் யாருக்குக் கேட்கும்?

"அதுக்காக நாமும் மீறலாமா?" என்று கிளம்பி வருவீர்கள். எங்கே அப்படிச் சொன்னேன்? எங்கள் மேல் தப்பிருந்தால் காட்டுங்கள். 2025இல் அவர்கள் போட்ட காடழிப்பு ஆபத்துப் பட்டியலிலேயே இந்தியா ஆபத்து குறைந்த நாடு. புள்ளியும் கொடுத்து, பட்டாவும் காட்டி, காபியையும் கொடுத்தவனைப் போய்ச் சட்டம் தெரியாதவன் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?