பாலத்துக்கு அந்தப் பக்கம்

(ஆகஸ்ட் கடைசி வாரம், சாயங்காலம். பெசன்ட் நகரில் கிளம்பி வேளாங்கண்ணிக்கு நடக்கிற கூட்டத்தில் பின்தங்கிப்போன இருவர், வல்லம்படுகை தாண்டிக் கொள்ளிடம் பாலத்துக்கு வந்திருக்கிறார்கள். அந்தோணி காவி வேட்டி கட்டியவர். முருகேசன் அதே தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். பத்து வருஷம் மூத்தவர், பழனிக்குப் பலமுறை நடந்த அனுபவஸ்தர்.)

முருகேசன்: அந்தோணி, மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

அந்தோணி: வியர்வையாக இருக்கும் அண்ணா.

முருகேசன்: எனக்கு வியர்வை ஜில்லென்றா வரும்? குடையை எடு.

அந்தோணி: குட்டியானையில் இருக்கிறது.

முருகேசன்: துண்டு?

அந்தோணி: அதுவும் குட்டியானையில்தான்.

முருகேசன்: அந்தக் குட்டியானை எங்கே?

அந்தோணி: சீர்காழி போய்ச் சேர்ந்துவிட்டது. பையன் சாம்பார் கொதிக்கிறதை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான்.

முருகேசன்: அப்புறம் இந்தத் துணிப்பையில் என்னதான் வைத்திருக்கிறாய்?

அந்தோணி: மார்க் ஷீட். ஒரிஜினல். பையன் பிளஸ் டூ கணக்கில் பாஸானால் நடத்தி அனுப்புகிறேன் என்று வீட்டுக்காரி மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். 37 வாங்கிவிட்டான்.

முருகேசன்: பரீட்சை எழுதியது அவன், வேண்டிக்கொண்டது அவள். நடக்கிறது நீ.

அந்தோணி: நானாவது மாட்டிக்கொண்டேன். நீங்கள் பாண்டிச்சேரி வரைக்கும் வழியனுப்ப என்றுதானே வந்தீர்கள்?

முருகேசன்: கடலூரில் அந்தப் பந்தல்காரர் கையைப் பிடித்து எலுமிச்சை சாதம் கொடுத்தாரே. சாப்பிட்டுவிட்டு உடனே பஸ் ஏறினால் அவர் மனசு என்ன பாடுபடும்?

(இடி.)

அந்தோணி: அண்ணா, ஒதுங்குவோம். பாலத்தின் மேல் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது.

முருகேசன்: ஒதுங்கத் தேவையில்லை. சிதம்பரத்தில் டீக்கடை டிவியில் கேட்டேன். வெப்பச் சலனம் காரணமாக, கடலூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை. பாலத்துக்கு அந்தப் பக்கம் எந்த மாவட்டம்?

அந்தோணி: மயிலாடுதுறை.

முருகேசன்: அந்தப் பேரையே அவர்கள் சொல்லவில்லை. ஓடு.

அந்தோணி: 2020-இல்தானே அதை நாகப்பட்டினத்திலிருந்து பிரித்தார்கள்? மேகத்துக்கெல்லாம் தெரிந்திருக்குமா?

முருகேசன்: ஆறு வருஷத்துக்குள் தெரியாமலா இருக்கும்? ஓடு!

(ஓடுகிறார்கள். இரண்டு காலிலும் கொப்புளம் உள்ளவர்கள் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டத்தில் சேர்க்க முடியாது, நடையிலும் சேர்க்க முடியாது. தோசைக்கல்லில் விட்ட காக்காய் மாதிரி இருக்கும். பாதிப் பாலத்தில் வானம் கொட்டுகிறது.)

அந்தோணி: அண்ணா! கடலூர் மாவட்டம் இன்னும் முடியவில்லையா?

முருகேசன்: பாதி ஆறு அவர்களுக்குத்தான். பேசாமல் வா.

(ஒரு பஸ், குழியில் தேங்கிய அத்தனையையும் இருவர் மேலும் இறைத்துவிட்டுப் போகிறது.)

அந்தோணி: கீழே மேட்டூர் தண்ணீர், மேலே வானத்துத் தண்ணீர். பக்கவாட்டில் வராமல் இருந்தது, அதுவும் வந்துவிட்டது.

முருகேசன்: இதற்குத்தான் சொல்வது, முருகன் விவரமானவர் என்று. பூசத்தைத் தையில் வைத்தார். பனி மட்டும்தான். உங்கள் மாதா எதற்கு ஆவணியில் திருவிழா வைத்தார்கள்?

அந்தோணி: செப்டம்பர் 8 மாதாவுக்குப் பிறந்தநாள். மழை வருகிறது என்று பிறந்தநாளைத் தள்ளி வைக்க முடியுமா?

முருகேசன்: சரி, அது நியாயம்தான்.

அந்தோணி: ஒரு நல்லதும் இருக்கிறது அண்ணா. நேற்று மத்தியானம் தார் கொதித்து, ரோட்டோர வெள்ளைக் கோட்டின் மேலேயே சர்க்கஸ்காரன் மாதிரி நடந்தோம். இப்போது பாருங்கள், சில்லென்று இருக்கிறது.

முருகேசன்: சில்லென்றா? குனிந்து காலைப் பார். தோல் ஊறி உளுந்து மாதிரி வெளுத்துவிட்டது. சுண்டு விரல் இடுக்கில் ஒரு ஜல்லி உட்கார்ந்திருக்கிறது பார், அது பண்ருட்டியில் ஏறியது.

அந்தோணி: நாம் பண்ருட்டி வழியாக வரவே இல்லை அண்ணா.

முருகேசன்: அப்படியென்றால் அது எங்கிருந்தோ வந்த யாத்திரீகன்.

(அக்கரை. மழை இன்னும் வலுக்கிறது. கீற்றுக் கொட்டகை டீக்கடை. உள்ளே டிவி ஓடுகிறது.)

அந்தோணி: கேளுங்கள் அண்ணா. மயிலாடுதுறையையும் சேர்த்துவிட்டார்கள்.

முருகேசன்: நாம் வருவது தெரிந்து சேர்த்திருக்கிறார்கள்.

(கடைக்கார அம்மா இவர்கள் நிலையைப் பார்த்து ஒரு யூரியா சாக்கை எடுத்து, ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளி, கொங்காணியாக மடித்துக் கொடுக்கிறார். இருந்தது அது ஒன்றுதான்.)

முருகேசன்: வயதில் மூத்தவன் நான்.

அந்தோணி: மார்க் ஷீட் நனைந்தால் வீட்டுக்குள் விடமாட்டாள். அதற்குத்தான் சாக்கு.

முருகேசன்: 37-க்கா? வேளாங்கண்ணியில் காணிக்கைகளைப் பார்த்திருக்கிறாயா? கண் சரியானால் வெள்ளியில் கண், கால் சரியானால் வெள்ளியில் கால். நீயும் வெள்ளியில் ஒரு 37 செய்து வைத்திருக்கலாம். மழைக்கும் ஒன்றும் ஆகாது.

அந்தோணி: பவுன் விலை ஏறினதிலிருந்து வெள்ளியும் நம்மை மதிப்பதில்லை அண்ணா. பையைப் பிடியுங்கள், உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா பார்க்கிறேன். மாதா காலடியில்தான் பிரிக்கணும் என்று கவரை ஒட்டிக் கொடுத்தாள்...

(கவர் கூழாகிக் கையோடு வருகிறது. உள்ளே இருப்பதை வெளியே எடுத்து உற்றுப் பார்க்கிறார். வெகுநேரம் பேச்சில்லை.)

முருகேசன்: என்ன, அழிந்துவிட்டதா?

அந்தோணி: லேமினேட் பண்ணியிருக்கிறாள் அண்ணா.

முருகேசன்: பாலம் பூரா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாயே! இங்கே கொடு அதை. சாக்கை நீயே போட்டுக்கொள்.

(மார்க் ஷீட்டைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்குகிறார். அந்தோணி கொங்காணியோடு பின்னால் நடக்கிறார்.)

அந்தோணி: எப்படி அண்ணா, தாங்குகிறதா?

முருகேசன்: தமிழ், இங்கிலீஷ் எல்லாம் நன்றாகத் தாங்குகிறது. கணக்குப் பக்கம் மட்டும் ஒழுகுகிறது.